அவசரமில்லாத ரவிக்கை

“அவசரமே இல்லீங்க அக்கா. எந்த வழி மெதுவாப் போகுமோ அந்த வழியிலேயே அனுப்புங்க.”

தாய்லாந்து எல்லையில் இருக்கும் மேசோட்டிலிருந்து வந்த செய்தியை பாலசந்தர் இரண்டு தடவை படித்தார். பிறகு மனைவியின் கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு, “கலை, தலை போற அவசரம்” என்றார்.

தையல் இயந்திரத்தின் முன்னால் இருந்த கலைமணி நிமிர்ந்து பார்த்தாள். “அவசரமே இல்லேன்னுதானே போட்டிருக்கு?”

“அதைத்தான் நானும் சொல்றேன். நீ ஒருத்தர் வீட்டுக்குப் போறே. பசியில உசுரு போகுது. சாப்பிடறியான்னு கேக்கறாங்க. என்ன சொல்லுவே?”

“இப்பத்தான் சாப்பிட்டேன்னு சொல்லுவேன்.”

“இதுவும் அதே கதைதான்.”

யாங்கூனில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூசுவதை பர்மாக்காரர்கள் ‘ஆனாடே’ என்பார்கள். அங்கேயே மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழர்களுக்கும் அது ரத்தத்தில் ஊறிப்போன சமாசாரம். பாலசந்தர் இந்த விஷயத்தில் தன்னைப் பெரிய பண்டிதராகவே நினைத்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றால் வேண்டும், பரவாயில்லை என்றால் மனசு உடைந்துவிட்டது, அவசரமில்லை என்றால் ஓடு. இதுதான் அவருடைய அகராதி.

யாங்கூனின் போட்டாதாங் பகுதியில் மூன்றாம் மாடி வீட்டில் இருந்தபடி கலைமணி ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் வைத்து ரவிக்கை தைத்து விற்று வந்தாள். தையல் அவள் பொறுப்பு, பார்சல் அனுப்புவது அவர் பொறுப்பு. துறைமுகத்துப் பக்கம் அவர் வேலை பார்த்த கிடங்கை மூடிய பிறகு வீட்டில் அவருக்கென்று இருந்த ஒரே பதவி இதுதான். அந்தப் பதவியிலும் அவர் பெயர் நன்றாக இல்லை. போன தீபாவளிக்கு அவர் அனுப்பிய ரவிக்கைகள் கார்த்திகைக்குத்தான் போய்ச் சேர்ந்தன. வாடிக்கையாளர்கள் அதைப் பக்கத்திலேயே விலாவாரியாக எழுதி வைத்திருந்தார்கள்.

“இது நம்ம முதல் வெளிநாட்டு ஆர்டர்” என்றாள் கலைமணி. “இதையும் கோட்டை விட்டீங்கன்னா பார்சல் வேலையை என் தம்பி சுரேந்திரன்கிட்ட குடுத்துடுவேன். நீங்க கொக்கி தச்சுக்கிட்டு உட்கார்ந்திருங்க.”

மச்சான் சுரேந்திரனை உதவாக்கரை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவர் பாலசந்தர். அவனிடம் இந்த வேலையும் போய்விட்டால், தான் இந்த வீட்டில் யார் என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிஞ்சாது என்று அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

ஆர்டர் கொடுத்த பெண்ணின் பெயர் தமிழரசி. அவளுடைய பக்கத்தைத் துழாவியதில் வரும் வெள்ளிக்கிழமை அவளுக்கே கல்யாணம் என்று தெரிந்தது. கிளிப்பச்சைப் பட்டுச்சேலையின் படத்தை அனுப்பி, அதற்குப் பொருத்தமாக ரவிக்கை கேட்டிருந்தாள்.

“கல்யாணப் பொண்ணு” என்றார் பாலசந்தர். “வாய் விட்டுக் கேக்கத் தெரியல பாவம். நாமதான் புரிஞ்சு நடந்துக்கணும்.”

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பார்சலை அனுப்ப என்னென்ன வழி உண்டு என்று தெருமுனை டீக்கடையில் விசாரித்தார். விமானத்தில் பாங்காக் போய் அங்கிருந்து மேசோட் போகலாம். எல்லை ஊரான மியாவதிக்கு பஸ்ஸில் போட்டு, அங்கே எல்லைப் பாலம் தாண்டும் ஆள் யாரிடமாவது கொடுத்தனுப்பலாம். விமானம் பாங்காக்கைச் சுற்றிக்கொண்டு போகிறது, பஸ்தான் நேர்வழி என்று தீர்மானித்தார் பாலசந்தர். வரைபடத்தில் அது நேர்வழியேதான்.

ரவிக்கையைக் கொண்டுபோய் வெளியூர் பஸ் நிலையத்தில் ஏற்றிவிட்டு வந்தார். பஸ் வழியில் இருக்கும் பா-ஆன் ஊர் வரைக்கும் போனது. அதற்கப்பால் பாதையை மூடியிருந்தார்கள். எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ரவிக்கை பா-ஆன் பஸ் கம்பெனியின் கொட்டகையில் வெங்காய மூட்டைகளோடு தங்கிவிட்டது.

கலைமணி தயங்கித் தயங்கி விஷயத்தைத் தெரிவித்தாள். உடனே பதில் வந்தது. “ரொம்ப சந்தோஷம் அக்கா. அங்கேயே பத்திரமா இருக்கட்டும்.” கூடவே ஒரு சிரித்த முகம்.

பாலசந்தர் கைபேசியை வாங்கிப் பார்த்தார். “சந்தோஷம்னு போட்டிருக்கு பாரு. மனசு எவ்வளவு வெந்துபோயிருக்கும்.”

“சிரிச்ச முகம் வேற போட்டிருக்கே.”

“அதான் இன்னும் மோசம். கலை, இன்னொண்ணு தை.”

மிச்சத் துணி இருந்தது. கரண்ட்தான் இல்லை. அது வந்தபோதெல்லாம் இயந்திரத்திலும், போனபோதெல்லாம் கையாலும் தைத்து, முதுகு ஒடிய இரண்டாவது ரவிக்கையை முடித்தாள் கலைமணி. பாலசந்தர் அதை மிங்கலாடோன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த சரக்கு ஏஜெண்டிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். முகவரியை மட்டும் வேறு யாரையும் எழுத விடவில்லை. பள்ளிக்கூடத்தில் பர்மியக் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவர் அவர். சந்தைக்குப் பின்புறம், மோஹிங்கா நூடுல்ஸ் கடைக்கு எதிர்வீடு, மாடியில் தமிழரசி என்று கேட்கவும் என்று முத்து முத்தாக எழுதினார்.

பாங்காக்கில் அந்த முத்துகளைப் படிக்க ஆள் இல்லை. அடுத்த விமானத்திலேயே பார்சலைத் திருப்பி ஏற்றிவிட்டார்கள்.

சாமான் ஏற்றி இறக்க பால்கனியிலிருந்து தெருவரைக்கும் மணி கட்டித் தொங்கவிட்டிருந்த கயிற்றைக் கீழிருந்து யாரோ இழுத்தார்கள். மூன்றாம் மாடிப் பால்கனியில் மணி அடித்தது. புது ஆர்டருக்குத் துணி வந்திருக்கிறது என்று நினைத்து கலைமணி கயிற்றை மேலே இழுத்தாள். கயிற்று நுனியில் இருந்த கிளிப்பில் அவள் தைத்த ரவிக்கையே தொங்கிக்கொண்டு வந்தது.

“நாம அனுப்பினதுலயே சீக்கிரமா வந்து சேர்ந்த பார்சல் இதுதாங்க” என்றாள். அவள் குரல் கோபத்தையெல்லாம் தாண்டிப் போயிருந்தது.

தமிழரசி இந்தத் தடவை நீளமாகவே எழுதினாள். “திரும்பி வந்தா வரட்டும் அக்கா. இனிமே அனுப்பவே வேணாம். காசையும் நீங்களே வச்சுக்குங்க. நான் வேற ஏதாவது கட்டிக்கறேன். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்.”

கலைமணி கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏங்க, நிஜமாவே வேணாமோ என்னமோ?”

“நிஜமா வேணாம்னா வேணாம்னு ஒரே வார்த்தையில முடிச்சிருக்கும். இவ்வளவு கெஞ்சுதுன்னா என்ன அர்த்தம்? காசுகூட வேணாமாம். இந்த அளவுக்கு ஆனாடே உள்ள பொண்ணை நான் பார்த்ததே இல்ல.”

அவருக்கு அப்போது யாசர் நினைவு வந்தது. கிடங்கில் அவரோடு மூட்டை ஏற்றியவன், இப்போது வியாபாரிகளின் சரக்கை எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பவன். பாலம் தாண்ட அனுமதிச்சீட்டு வைத்திருந்தான். போன் போட்டபோது அவன் பா-ஆனிலேயே இருந்தான்.

“மலைப்பாதையில லாரி விடப்போறாங்களாம் அண்ணே. அதுல தொத்திக்கிட்டுப் போகலாம்னு பாக்கறேன். முதுகெலும்பு நிமிந்து நிக்குமான்னு தெரியல.”

“தம்பி, பஸ் கொட்டகையில ஒரு சின்ன பார்சல் இருக்கு. அதையும் எடுத்துக்க. ஒரு பொண்ணோட வாழ்க்கைப் பிரச்சினை.”

“அப்படி என்ன அண்ணே அதுல?”

“ரவிக்கை.”

“சரி அண்ணே” என்றான் யாசர்.

“இன்னொரு விஷயம். பொண்ணு கையில மட்டும் குடுத்துடாதே. ஆனாடேயில எனக்கு வேணாம்னு சொல்லித் திருப்பி அனுப்பிடும். மாமியாரா வரப்போற அம்மா கையில, நாலு பேரு பாக்கற மாதிரி குடு. அப்ப மறுக்க முடியாது.”

தன்னுடைய சாமர்த்தியத்தை நினைத்து பாலசந்தருக்கே புல்லரித்தது. அதன் பிறகு யாசரின் போனுக்கு லைன் கிடைக்கவில்லை. மலையில் சிக்னல் கிடையாது.

வியாழக்கிழமை காலையில் தமிழரசியிடமிருந்து கடைசியாக ஒரு செய்தி வந்தது. “ரவிக்கை வரலைன்னு வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் அக்கா. யாருக்கும் உங்க மேல வருத்தமில்ல. ரொம்ப நன்றி.” இந்தத் தடவை பூங்கொத்து போட்டிருந்தாள்.

கலைமணி அதைப் படித்துவிட்டு தம்பிக்கு போன் செய்தாள். மத்தியானம் சுரேந்திரன் தலையை நன்றாக வாரிக்கொண்டு வந்து சேர்ந்தான். பார்சல் ஒட்டும் டேப், கத்தரிக்கோல், அட்டைப்பெட்டிகள் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்து வைத்தான்.

“கவலைப்படாதீங்க மாமா. நான் பார்த்துக்கறேன்” என்றான்.

கவலைப்படாதீங்க என்பதற்கு அவருடைய அகராதியில் என்ன அர்த்தம் என்று பாலசந்தர் யோசிக்கக்கூட இல்லை. அழுகை வந்துவிடும் போலிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

அப்போது போன் அடித்தது. யாசர். எல்லோரும் கேட்கட்டும் என்று கலைமணி ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் நாதஸ்வர ஒலிநாடா அலறிக்கொண்டிருந்தது.

“குடுத்தாச்சு அண்ணே. நலங்கு வச்சுக்கிட்டு இருந்தாங்க. நீங்க சொன்ன மாதிரியே மாமியார் கையில நடுக்கூடத்துல குடுத்தேன். அந்தம்மா பிரிச்சு, தூக்கிப் பிடிச்சு, வந்தவங்க எல்லாருக்கும் காட்டிச்சு. எனக்கு ரெண்டு லட்டு குடுத்தாங்க.”

பாலசந்தர் பால்கனியிலிருந்து உள்ளே ஓடி வந்தார். “பொண்ணு?”

“அழுதுச்சு அண்ணே. தேம்பித் தேம்பி அழுதுச்சு. நாலு பொம்பளைங்க பிடிச்சுக்க வேண்டியதாப் போச்சு.”

“அழத்தானே செய்யும். இத்தனை நாளா எதையும் வெளியில காட்டிக்காம அடக்கி வச்சிருந்த பொண்ணு.” பாலசந்தர் போய் சுரேந்திரன் கையிலிருந்த பையை மெதுவாக வாங்கிக்கொண்டார். அவன் எதிர்ப்புக் காட்டவில்லை.

கலைமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நான்தாங்க புரிஞ்சுக்காமப் போயிட்டேன். நீங்க சொன்னதுதான் சரி.” கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இப்படிச் சொல்லி பாலசந்தர் கேட்டதில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்கலாமா என்றுகூட நினைத்தார்.

“இனிமே எல்லை தாண்டிப் போற பார்சல் எல்லாம் இவருதான் பார்ப்பாரு” என்று தம்பியிடம் அறிவித்தாள்.

“அண்ணே, லைன்ல இருக்கீங்களா?” என்றான் யாசர். அவன் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசுகிறான் போலிருந்தது. நாதஸ்வரம் அடங்கியிருந்தது.

“இருக்கேன் தம்பி, சொல்லு. பொண்ணு நன்றி சொல்லச் சொல்லிச்சா?”

“இல்ல அண்ணே. அந்தக் கிளிப்பச்சைச் சேலை மாமியார் எடுத்ததாம், பொண்ணுக்கு அதைக் கண்டாலே பிடிக்காதாம். ரவிக்கை வந்தாக் கட்டிக்கறேன்னு அந்தம்மாவுக்கு வாக்குக் குடுத்துட்டு, எதையுமே நேரத்துக்கு அனுப்பாத கடை எதுன்னு யாங்கூன் பூரா விசாரிச்சுத்தான் உங்களைப் பிடிச்சுதாம்.”