ஆவன செய்க

புகார் மூன்றாவது முறையாக அவள் மேசைக்கே திரும்பி வந்தது.

அந்தத் தொண்டு நிறுவனத்தில் கடிதங்கள் போகும் வழி தெரிந்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எந்தக் கடிதம் வந்தாலும் முதலில் முத்திரை, அப்புறம் வரிசை எண், அப்புறம் இயக்குநர் மேசை. அவர் ஓரத்தில் ‘ஆவன செய்க’ என்று எழுதுவார். ஆவன செய்வது, அதாவது பதில் எழுதுவது, அவள் வேலை. எழுதி முடித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு குறி வைத்து அனுப்புவாள். இயக்குநர் குறியை மட்டும் பார்ப்பார். பதினோரு ஆண்டுகளாக இந்த இயந்திரம் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பெண்களின் வேலை உரிமைக்காக நடக்கும் நிறுவனம் என்பதால் கடிதங்களுக்கும் பஞ்சமில்லை.

இந்த முறை கடிதத்தை எழுதியவளும் அவள்தான். திட்டத் தலைவர் பதவிக்கான நேர்காணலில் “அடுத்த குழந்தை எப்போ?” என்று கேட்ட இயக்குநர், அவளிடம் இரண்டு ஆண்டு வேலை பழகியவனுக்கே அந்தப் பதவியைக் கொடுத்தார். கர்ப்பமான களப் பணியாளர்கள் இருவரை, ஒப்பந்தம் முடிந்தது என்று வீட்டுக்கு அனுப்பினார். அதைத்தான் எழுதியிருந்தாள்.

முதலில் மனிதவள அதிகாரியிடம் கொடுத்தாள். அவர் பயந்துபோய் இயக்குநருக்கு அனுப்பினார். ஆவன செய்க.

பிறகு விசாரணைக் குழுவுக்குப் போனாள். விதிப்படி, மூத்த பெண் அதிகாரிதான் குழுத் தலைவராக இருக்க வேண்டும். அலுவலகத்தில் அப்படி இருந்தது ஒரே ஒருத்திதான், அவளே. தன் புகாரைத் தானே விசாரிக்க மறுத்தாள். ‘புகார்தாரர் ஒத்துழைக்கவில்லை’ என்ற குறிப்போடு கோப்பு திரும்பியது.

கடைசியாக நிர்வாகக் குழுத் தலைவருக்கு எழுதினாள். வெள்ளிக்கிழமைக்குள் இயக்குநர் விளக்கம் தர வேண்டும் என்று அங்கிருந்து கடிதம் வந்தது.

இயக்குநர் கூப்பிட்டார். அவருக்குக் கோபம்கூட இல்லை.

“என்னம்மா, மேல வரைக்கும் போயிட்டீங்க. சரி, போனது போச்சு. பதிலை நல்லா எழுதிடுங்க.”

“சார், புகாரே நான் கொடுத்ததுதான்.”

“அதான் சொல்றேன். விஷயம் உங்களுக்குத்தானே முழுசா தெரியும்? அப்படியே உங்களை ஸ்டோருக்கு மாத்துற ஆர்டரும் ஒண்ணு போட்டுடுங்க. புகார் முடியற தேதியிலேர்ந்து.”

“ஸ்டோர்ல எனக்கு என்ன சார் வேலை?”

“அங்க யாரும் பாரபட்சம் பாக்க மாட்டாங்க. ஆளே கிடையாது.”

மூன்று மாதத்தில் ஸ்டோரையே மூடப்போகிறார்கள் என்பது அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும்.

வெளியே புதிய திட்டத் தலைவன் நின்றிருந்தான்.

“அக்கா, ‘தவறான புரிதலால் எழுந்த புகார்’னு ஒரு வரி போட்டா முடிஞ்சுது. நீங்க சொல்லிக் கொடுத்த வரிதானே.”

உண்மைதான். எத்தனையோ பெண்களின் புகாருக்கு அந்த வரியை அவளே எழுதி அனுப்பியிருக்கிறாள். அவர்கள் முகம் எதுவும் அவளுக்குத் தெரியாது. வரிசை எண்கள்தான் தெரியும்.

இடத்துக்கு வந்து அதே வரியை மூன்று முறை தட்டச்சு செய்தாள், மூன்று முறையும் அழித்தாள். நான்காவது முறை நடந்ததை எழுதினாள். ‘நேர்காணலில் அப்படிக் கேட்டது உண்மை. தகுதி குறைந்தவரை நியமித்தது உண்மை. கர்ப்பம் என்ற ஒரே காரணத்துக்காக இருவரை நீக்கினேன். அனைத்துக்கும் நானே பொறுப்பு.’ கீழே இயக்குநர் பெயர். பக்கத்தில் பென்சில் குறி.

இயக்குநர் போனில் யாருக்கோ சம வாய்ப்பின் அவசியத்தை விளக்கிக்கொண்டே, விளக்கத்திலும் மாற்றல் உத்தரவிலும் கையெழுத்துப் போட்டார்.

தபால் போன பிறகுதான் அடுத்து என்ன ஆகும் என்று யோசித்தாள். அங்கே படித்தார்களென்றால் மோசடி என்பார்கள், அன்றே வேலை போகும். படிக்காவிட்டால் ஸ்டோர். எப்படிக் கணக்குப் போட்டாலும் தான் தப்பிக்கும் வழி ஒன்றும் தெரியவில்லை. மேசை இழுப்பறையைக் காலி செய்து ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கி வைத்தாள்.

ஐந்தாம் நாள் நிர்வாகக் குழுத் தலைவர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அவருடைய காரியதரிசி, வயதான பெண் குரல்.

“விளக்கம் கிடைச்சுதும்மா. புகாரை முடிச்சாச்சு.”

அவள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“தலைவர் அதைப் படிச்சாராம்மா?”

“அவர் எங்க படிக்கிறாரு, இருபது வருஷமா படிக்கிறதும் பதில் எழுதுறதும் நான்தான், உங்க டைரக்டரை வேலையை விட்டு எடுக்கிற ஆர்டர்லயும் பாக்காமத்தான் கையெழுத்துப் போட்டாரு.”