பேர் கேட்டு வந்த மலை

காரைக்கால்,
10 பிப்ரவரி 1953

போர்னியோ காட்டில் நில அளவைக் கூட்டத்தோடு எழுத்தராய்த் திரியும் அன்பு மாப்பிள்ளை நூகு அவர்களுக்கு, மாமனார் மீரா சாகிப் எழுதும் ஸலாம். அல்லாஹ்வின் அருளால் இங்கு எல்லோரும் சுகம். அங்கு அட்டைக்கடி குறைந்து தாங்களும் சுகமாயிருக்க துஆ செய்கிறோம்.

தங்கள் கடிதம் நேற்று வந்தது. தங்களுக்கு மகள் பிறந்து முப்பத்தெட்டு நாளாகிறது. ஏழாம் நாள் முடி இறக்கினோம். பேரை மட்டும் நிறுத்தி வைத்தோம். தலைப்பிள்ளைக்கு வாப்பாதான் பேர் சொல்ல வேண்டும், அதுதான் எங்கள் வீட்டு வழக்கம் என்று தங்கள் உம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதுவரை பிள்ளையை "இந்தா, இந்தா" என்று கூப்பிட்டு வந்தோம். ஆகவே உறையைக் கண்டதும் வீடே கூடிவிட்டது. பெற்றவள் உம்மு சல்மா பிள்ளையோடு கதவோரம் வந்து நிற்க, நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தேன். மகளைப் பற்றி ஒரே வரி: "மகிழ்ச்சி, பேர் யோசித்துக்கொண்டிருக்கிறேன்." அப்புறம் நாலு பக்கம், நிலப்படத்தில் பேரில்லாமல் கிடக்கும் ஒரு மலைக்கு நல்ல பேர் சொல்லுங்கள் என்று!

கோபம் வந்தது, மறைப்பானேன்? ஆனால் நாலு பக்கத்தையும் படித்து முடிப்பதற்குள் கோபம் போய்க் கேள்வி வந்துவிட்டது. உயரம் ஐயாயிரத்து இருநூறு அடி என்கிறீர்கள். நாகூர்ப் பெரிய மினாராவை நாற்பது தடவை அடுக்க வேண்டுமே! மணல்மேட்டைத் தவிர வேறு மேடு கண்டிராத எனக்குச் சோறு இறங்கவில்லை. கிழக்கே மொட்டைப் பாறை, மேற்கே அடர்காடு, உச்சியில் நடுப்பகல் வரை மேகம், அடியில் மூன்று ஆறு. அப்படியானால் எந்தப் பக்கத்துக்குப் பேர் வைப்பது? கிழக்கே நிற்கிறவன் மொட்டைமலை என்றால் மேற்கே நிற்கிறவன் சிரிக்க மாட்டானா?

மீன் கொண்டுவந்த கிளிஞ்சல்மேட்டுச் செல்லையனிடம் கேட்டேன்.

"கடல்லேருந்து பாத்தா தெரியுமா பாய்?"

"தெரியாதாம்பா, நடுக்காடு."

"அப்ப அதுக்கு எதுக்குப் பேரு? வழி காட்டாததுக்கெல்லாம் பேரு வச்சா வாய் வலிக்காதா?" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அது மண்டைக்குள்ளேயே சுத்துது மாப்பிள்ளை.

கடைசியில் தங்கள் மாமி சுல்தான் பீவிதான், "மேல மேகம், கீழ ஆறா ஓடுதுன்னா அது ஜன்னத்துதாங்க, வேறென்ன?" என்றாள். சொர்க்கத்தின் பேர்! நாலு பக்கத்துக்கும் பொருந்துகிறது. ஆகவே ஜன்னத் மலை என்றே படத்தில் எழுதச் சொல்லுங்கள், மை பரவாமல். அப்படியே மகளுக்கும் ஒரு பேர் தந்தியிலாவது சொல்லுங்கள். பிறப்புப் பதிவு எழுத்தர் இந்த மாதக் கடைசிக்கு மேல் பொறுக்க மாட்டேன் என்கிறார்.

காட்டிலும் மேட்டிலும் அல்லாஹ் தங்களைக் காப்பானாக. மாமி ஸலாம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
மீரா சாகிப்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் கதவோரத்திலிருந்து உம்மு சல்மா, "இவ்வளவு நல்ல பேரக் கல்லுக்கா வைக்கிறது வாப்பா? குடுங்க இங்க" என்றாள். பள்ளிவாசல் லெப்பையை அழைத்துப் பிள்ளையின் காதில் அந்தப் பேரை ஓதியாயிற்று, பதிவும் ஆயிற்று. தங்கள் உம்மா முதலில் முறைத்தார்கள்; பிறகு "ஜன்னத்து, ஜன்னத்து" என்று நாலு தடவை சொல்லிப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். ஆகவே மலைக்கு அந்தப் பேர் கிடையாது. ஆற்றங்கரைகளில் குடியிருப்பு உண்டென்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் இத்தனை காலம் அதை என்னவென்று சொல்லி வந்தார்கள்? அதைக் கேட்டுப் படத்தில் எழுதுங்கள். எனக்கும் எழுதுங்கள், தெரியாவிட்டால் தூக்கம் வராது. இப்போதுதான் ஜன்னத் அழுதாள். பேர் சொல்லிக் கூப்பிட்டேன், நிறுத்திவிட்டாள். தங்கள் மலை இதைச் செய்யுமா?