பெருமூச்சு விட்ட கலைஞர்

பொதுமக்களின் ரசனை அபாயகரமாகக் குறைந்துவருவதைக் கருத்தில்கொண்ட நகரக் கலை மேம்பாட்டுத் துறை, வரும் ஞாயிறன்று கலைஞர்கள் அனைவரும் தங்கள் பட்டறைக் கதவுகளைத் திறந்துவைக்குமாறு அன்புடன் உத்தரவிட்டது.

எங்கள் தெருவில் மண்பாண்டம் வனையும் பெண்மணி தன் பட்டறைக் கதவைப் பகலில் சாத்தியதே இல்லை. ஆகவே உத்தரவை நிறைவேற்றுவது சுலபம் என்று நினைத்துவிட்டார்.

சனிக்கிழமை துறையின் மேற்பார்வையாளர் வந்தார். பெருக்கிய தரையையும் வரிசையாகக் கவிழ்த்த கிண்ணங்களையும் பார்த்ததும் அவர் முகம் வாடியது.

"இங்க கலைஞர் யாரும்மா?"

"நான்தான் சார்."

"தலையெல்லாம் வாரியிருக்கீங்களே."

"தினமும் வாருவேன்."

"அதான் சிக்கல். ஜனங்க கலைஞரப் பாக்க வராங்க. நீங்க பேங்க்ல வேலை பாக்குறவங்க மாதிரி இருக்கீங்க. மக்கள ஏமாத்துறது துறையோட கொள்கைக்கு விரோதம்."

அந்நேரம் பார்த்து, உள்ளறையிலிருந்து கொட்டாவி விட்டபடி வந்தார் அந்தப் பெண்மணியின் கொழுந்தன். தாடி மார்பைத் தொட்டது. சட்டைப் பொத்தான்கள் ஓட்டை மாறிக் கிடந்தன. அவர் வேலை என்று ஒன்றுக்குப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. மேற்பார்வையாளர் பக்தியோடு கைகூப்பினார்.

ஞாயிறன்று கொழுந்தன் சக்கரத்தின் முன் அமர்த்தப்பட்டார். அண்ணி தேநீர் வழங்கப் பணிக்கப்பட்டார். கூட்டம் தெருமுனைவரை நின்றது.

"இந்தச் சாடி எப்படி உங்க மனசுல தோணுச்சு?" என்றார் ஒருவர்.

கொழுந்தனுக்கு நல்ல பசி. சாடியைப் பார்த்து நீண்ட பெருமூச்சு விட்டார்.

"புரியுது," என்று சொல்லி, கேள்வி கேட்டவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "அது நான் வனைஞ்சதுங்க," என்றார்.

"கூடமாட ஒத்தாசை செய்றவங்களுக்கும் பங்கு உண்டும்மா," என்று கண்ணைத் துடைத்தவர் பெருந்தன்மையோடு தேற்றினார்.

கூட்டத்திலிருந்த ஒரு பெண்மணி அண்ணியின் காதோடு கேட்டார்: "இவ்ளோ பெரிய கலைஞரோட ஒரே வீட்டுல இருக்குறது கஷ்டமா?"

"கஷ்டம்தான். சோறு பத்த மாட்டேங்குது."

சாயங்காலமே கொழுந்தன் துறையின் ஆலோசகராக நியமிக்கப்பட்டார். நகரத்துப் பட்டறைகளுக்கெல்லாம் போய், படைப்புகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது பணி.

மறுநாள் காலை அவர் பதவியேற்கக் கிளம்பினார். அண்ணி ஒரு குவளையை வனைந்து முடித்திருந்தார். புதுச் செருப்பு காலைக் கடித்ததால் கொழுந்தன் குவளையின் எதிரே ஒரு கணம் நின்றார், பெருமூச்சு விட்டார், போய்விட்டார்.

அண்ணி குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்பில் ஏதோ குறைவதுபோலத்தான் பட்டது. அதை அப்படியே அமுக்கி மண்ணாக்கிவிட்டு, மறுபடி வனைய உட்கார்ந்தார்.