மேகத்துக்குக் கீழே ஒரு கட்டில்

காரைக்குடியில் மேகத்தைக் கண்டு பயப்படாதவர் யாரும் கிடையாது. வானத்தில் வரும் மேகத்தைச் சொல்லவில்லை. அதைத்தான் வருஷம் முழுக்க அண்ணாந்து பார்த்துக் காத்துக்கிடக்கிறோமே. நான் சொல்வது, பழைய மொபெட்டில் பின்னால் குழாய்ச் சுருளும் முன்னால் குடையுமாக வரும் மேகம் என்ற மனிதரை.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும். எனக்குத் தெரியாது. என் கைப்பேசியிலும் அவர் மேகம்தான். தென்னந்தோப்புகளில் சொட்டுநீர்க் குழாய் போடுவது அவருடைய பிழைப்பு. நாடக மேடையில் மழை பெய்ய வைப்பது அவருடைய பைத்தியம். பள்ளிக்கூட ஆண்டுவிழாவோ கோவில் திருவிழா நாடகமோ, யார் கூப்பிட்டாலும் வருவார். கூப்பிடாவிட்டாலும் வந்து, "ஒங்க கதையில மழை உண்டா?" என்று கேட்பார். இல்லை என்றால் முகம் தொங்கிவிடும். நாடகம் எழுதுகிற ஒருவர் அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், கோர்ட் சீன் ஒன்றில் மழையைச் சேர்த்திருக்கிறார்.

திருப்பத்தூரில் ஒரு பள்ளி விழா. அங்கே தண்ணீருக்கு அனுமதி கிடைக்கவில்லை. மேகம் நீளமான தகரப் பெட்டியில் பாசிப்பயறைப் போட்டு இங்குட்டும் அங்குட்டும் சாய்த்தார். மின்விசிறிக்கு முன்னால் நனைந்த மண்ணை மூட்டையோடு வைத்து மணத்தையும் ஊதவிட்டார். சத்தமும் வாசனையும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்ததும் பெண்கள் வரிசை வரிசையாக எழுந்தார்கள். அவரவர் மொட்டைமாடியில் வடகமும் மிளகாயும் காய்ந்துகொண்டிருந்தன. தலைமை தாங்க வந்தவர் கடைசியில் நாற்காலிகளுக்குத் தலைமை தாங்கினார்.

இப்படிப்பட்டவரை நான்தான் வலியப் போய்க் கூப்பிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் பழியை அவர் மேல் போட எனக்கே ஆசை வந்துவிடக் கூடாது.

கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். என்னைப் போன்ற சிலர் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுவோம். அந்த முறை 'காய்ந்த கண்மாய்'. எழுதியது, இயக்கியது, நடிப்பது எல்லாம் நானே. மழைக்காகக் காத்திருக்கும் ஒரு கிழவர், கண்மாய்க் கரையில் கட்டிலைப் போட்டுப் படுத்துவிடுகிறார். கடைசி மூச்சு போகும் நேரத்தில் மழை வருகிறது. "மழை வந்திருச்சு தாயி" என்று மகளிடம் சொல்லிவிட்டுச் சாக வேண்டும். பயறு மழை வேண்டாம், பார்க்கிறவர்கள் கண்ணெதிரில் நான் நனைய வேண்டும் என்று கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பேசினேன்.

மேகம் கேட்டார். "மழைன்னா எந்த மழை சார்?"

"சாதாரண மழைதான்."

"சாதாரண மழைன்னு ஒண்ணு எங்கன பெய்யுது? காளையார்கோவில் பக்கம் பெய்யிறது ஒரு மாதிரி, தேவகோட்டையில பெய்யிறது ஒரு மாதிரி. கோடை மழைன்னா மொதச் சொட்டு பெருசு. ஐப்பசின்னா நூலு கணக்கா வரும். எத்தனை வருசம் காஞ்ச கண்மாயி அது?"

"ரொம்ப வருஷம்."

"அப்ப மொதல்ல நாலு சொட்டுதேன். மிச்சம் யோசிச்சு வரும்."

அடுத்த நாள் ஒரு மாடி வீட்டுக்குக் கீழே நடந்து போகிறேன், மேலிருந்து ஒரு வாளித் தண்ணீர் தலையில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தால் மேகம். தப்புச் செய்த கூச்சமே இல்லாத முகத்தோடு என்னை ஆராய்ந்துகொண்டிருந்தார். "நனைஞ்சதும் கழுத்த உள்ள இழுத்துக்கிறீக. மேடையிலயும் இப்படியே இழுங்க, நல்லா இருக்கு."

இத்தனைக்கும் அவர் நனைய மாட்டார். இளைப்புக்காரர். தலையில் ஒரு சொட்டு பட்டால் ராத்திரி முழுக்க நெஞ்சு விசிலடிக்குமாம். அதனால் குடை இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. மேடைக்கு மேலே பலகையில் உட்கார்ந்து மழையைத் திறந்துவிடும்போதும் குடையை விரித்துப் பிடித்திருப்பார்.

நாடகம் ஒரு கல்யாண மண்டபத்தில். மாடித் தொட்டியிலிருந்து ஒரு குழாய் இறங்கி, மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு வால்வு. அங்கிருந்து மேலே போய், மேகத்தின் பலகையருகே ஒரு திருகு, பிறகு மூங்கில் சட்டத்தில் கட்டிய ஓட்டைக் குழாய்கள். எல்லாம் நேராக என் கட்டிலுக்கு மேலே. அந்தக் குழாய்களுக்குப் பக்கத்திலேயே ஒரு கம்பியில் வரிசையாக விளக்குகள். நான் இதைப் படுத்துக்கொண்டு பார்த்தவன். ஒருபுறம் தண்ணீர், ஒருபுறம் மின்சாரம், நடுவில் ஒரு சாண் இடைவெளி, அதற்குக் கீழே நான்.

ஒத்திகையில் முதல் சொட்டுகள் விழுந்தபோது ஒரு விளக்கு பட்டென்று வெடித்தது. அதே நேரம் என் காலில் சுரீர் என்றது. கிழவர் வேடத்தை மறந்து கட்டிலிலிருந்து குதித்தேன்.

"ஷாக்கு மேகம், ஷாக்கு."

மேகம் இறங்கி வந்து என் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். "கட்டெறும்பு சார். இந்தா, இன்னும் கடிச்சிக்கிட்டுத்தேன் இருக்கு."

எறும்பை எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நம்பவில்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. வீட்டில் மின்விசிறி சுவிட்சைத் துண்டால் பிடித்துப் போட்டேன். செருப்புக் கடையில் ரப்பர் செருப்பாக எடுத்தேன். மேடையில் மழைக்காகக் காத்துச் சாகும் கிழவர் ரப்பர் செருப்போடுதான் படுப்பார் என்று பிடிவாதம் செய்தேன். என் மனைவி, "நாடகத்துல சாகுறதுக்கே இம்புட்டுப் பயமா இருந்தா நெசத்துக்கு என்ன செய்யப் போறீக?" என்றாள்.

தண்ணீர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேசையைத் தட்டியவன் நான் ஆயிற்றே. வெட்கம். அதனால் நாடகத்தன்று சாயங்காலம் திரை ஏறுவதற்கு முன், யாரும் பார்க்காத நேரத்தில் பக்கவாட்டு வால்வை இறுக மூடினேன். குழாய் அடைத்துக்கொண்டது என்று ஆகிவிடும், மேகத்தின் மேல் பழி விழும், நான் பிழைத்துக்கொள்வேன். இவ்வளவையும் நிதானமாக யோசித்துத்தான் செய்தேன்.

கடைசிக் காட்சி வந்தது. கட்டிலில் படுத்திருந்தேன். மகளாக நடித்த செல்வி, தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிற பெண், என் நெஞ்சில் தலை சாய்த்து அழுதாள். இடி இடித்தது. மேலே மேகம் குழாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி திருகினார். செல்வி அழுகையை நீட்டினாள்.

அப்போது அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. குழாயில் காற்று அடைத்திருக்கும், தட்டிவிட்டால் சரியாகும் என்று நினைத்தாரோ என்னவோ, குடையை மடக்கிச் சட்டைக் காலரில் மாட்டிக்கொண்டு, பலகையை விட்டு மூங்கில் மேலேயே குப்புறப் படுத்து ஊர்ந்து வர ஆரம்பித்தார். மூங்கில் வளைந்தது. குடையின் நுனி விளக்குக் கம்பியில் சிக்கிக் கம்பியே ஆடியது. கொதிக்கிற விளக்கு ஒன்று கழன்று தொங்கியது. அது என் மேல் விழாமல் இருக்க அவர் முன்கையால் அணைத்துப் பிடித்தார். கீழிருந்து பார்த்த எனக்கு அவர் பல்லைக் கடிப்பது தெரிந்தது.

செல்வி என் நெஞ்சில் முகம் புதைத்தபடியே கிசுகிசுத்தாள். "நீங்க சாகுறதுக்கு முன்னாடி அந்த மனுசன் செத்துருவாரு போலருக்கே சார்."

வாயைத் திறந்தால் ஊரறிய மானம் போகும். திறக்காவிட்டால் அவர் இன்னும் ஒரு முழம் ஊர்வார். எழுந்து உட்கார்ந்தேன்.

"மேகம், அசையாதீக. குழாய் அடைக்கல. கீழ வால்வை மூடினது நான்தான்."

மேலிருந்து கேட்டார். "எதுக்கு சார்?"

"பயம்."

விளக்கை மெதுவாக அதன் இடத்தில் மாட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அத அன்னைக்கே சொல்லியிருந்தா பயறு கொண்டாந்திருப்பேன்ல" என்றார்.

"இறங்கி வாங்க மேகம்."

"இப்ப எறங்குனா சட்டம் ஆடும். நீங்க போயித் தெறந்துட்டு வந்து படுங்க."

"விளக்கையாவது அணைக்கச் சொல்லட்டுமா?"

"இருட்டுல மழை யாருக்குத் தெரியும்? போங்க சார், சனம் காத்துக் கெடக்கு."

சாகக் கிடந்தவன் எழுந்து ரப்பர் செருப்பு சத்தமிட மேடையை விட்டு நடந்தேன். முன் வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "போகப்போறவரு எங்க போறாரு?" என்று கேட்டது காதில் விழுந்தது. வால்வைத் திறந்தேன். தண்ணீர் மேலே ஏறக் கொஞ்ச நேரம் ஆகும். அங்கேயே நின்றுகொண்டிருந்தால் யாரும் என்னை இழுத்து வரப்போவதில்லை. ஆனால் அங்கே நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தால் முதலில் போகிறவர் மேலே படுத்திருப்பவர். இத்தனை நாள் பயந்ததில் ஒரு தடவைகூட அந்த மனிதர் என் நினைவுக்கு வரவில்லை.

திரும்பிப் போய்க் கட்டிலில் படுத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படுத்தேன்.

நாலு சொட்டு விழுந்தது. நெற்றியில் ஒன்று. அதுதான் முடிவு என்று கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு மேகம் சொன்னபடியே மிச்சம் யோசித்து வந்தது. குளிர்ந்த தண்ணீர், வெறும் தண்ணீர். வசனம் மறந்துபோயிற்று. செல்விதான், "அப்பா, மழைப்பா" என்று சமாளித்தாள். நான் செத்தேன். செத்த பிறகும் நடுக்கம் நிற்கவில்லை. பார்த்தவர்கள் அதையும் நடிப்பு என்று எடுத்துக்கொண்டு கை தட்டினார்கள்.

திரை விழுந்ததும் மேகம் ஏணி வழியாக இறங்கி வந்தார். மூங்கிலில் படுத்துக்கொண்டு குடையை விரிக்க முடியவில்லை. தலையிலிருந்து கால் வரை நனைந்திருந்தார். நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்திருந்தது. முன்கையில் தோல் வழன்று சிவந்திருந்தது. அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. யாராவது கேட்டால், வெயில் பட்டுவிட்டது என்கிறார். என் பெயரைச் சொல்வதில்லை.

"கையைக் காட்டுங்க" என்றேன்.

"மொதல்ல தலையக் குனிங்க. இந்த வயசுல சளி புடிச்சா எறங்காது."

இடுப்புத் துண்டை அவிழ்த்துப் பிழிந்து, காயமில்லாத கையால் என் தலையைத் துவட்ட ஆரம்பித்தார். வேண்டியதைவிடக் கொஞ்சம் அழுத்தித்தான் துவட்டினார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், துண்டு வாயில் வந்து விழுந்தது. பேசாமல் குனிந்து நின்றேன். அவர் துவட்டுவதை நிறுத்திவிடுவாரோ என்பது ஒன்றுதான் அப்போது எனக்கிருந்த பயம்.