நாலு டிகிரியில் ஒரு ஸ்டூல்

பாட்டில் கலங்கியிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் தொட்டியில் கொட்டிக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். அவள் அதை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தாள். லீவுக்கு முந்தின நாள்வரை குடிதண்ணீர் மாதிரி இருந்தது, இன்று அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது.

"வந்துட்டீங்களா?" என்றாள்.

பாட்டில் பதில் சொல்லவில்லை. அது வழக்கம்தான்.

கடலின் அடித்தரையில், வெளிச்சமே எட்டாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்வது அவள் வேலை. ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு வைத்த பெயர் பாதாளம். "பாதாளம் வந்தாச்சா?" "பாதாளம் சாப்பிடப் போயிருக்கு." முகத்துக்கு நேராக மட்டும் மேடம்.

படிப்பு முடித்த கையோடு ஒரே ஒரு தடவை கப்பலில் போனாள். போகும்போதும் வாந்தி, வரும்போதும் வாந்தி. நடுவில் நாலு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து ஒரு குழாய் சேறு கிடைத்தது. அதில் பாதியை, கடலடியில் இருந்த அதே அழுத்தத்தில், ஒரு எஃகு உருளைக்குள் பூட்டினாள். மீதியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணாடி பாட்டிலில் விட்டு, அந்த உயிர்கள் நம் உலகத்து அழுத்தத்துக்குப் பழகுமா என்று பார்க்க உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். அந்த உயிர்களுக்கு எதிலும் அவசரம் கிடையாது. ஒன்று இரண்டாவதற்கே வருஷக்கணக்கில் யோசிக்கும்.

கூடப் படித்தவர்கள் புத்திசாலிகள். குடல் பாக்டீரியாவை எடுத்துக்கொண்டார்கள். நாம் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அது பேரன் பேத்தி எடுத்துவிடும். அவர்கள் எல்லாரும் கட்டுரை, பதவி, சுழல் நாற்காலி என்று போய்விட்டார்கள். அவளுடைய ஆண்டறிக்கைகளில் அதிகம் வந்த சொல் 'இன்னும்'. இன்னும் வளர்ச்சி தெரியவில்லை. இன்னும் கவனித்து வருகிறோம். அந்த 'வருகிறோம்' சும்மா ஒரு மரியாதைக்கு. இருந்தது அவள் ஒருத்திதான்.

அதனால் பாட்டிலோடு பேச ஆரம்பித்தாள்.

"மேல் வீட்டுக்காரன் இன்னைக்கும் சுவர்ல துளை போடறான். சுவர் முடிஞ்சுட்டா அடுத்து என்ன பண்ணுவான்னு கவலையா இருக்கு."

ஆனால் அவள் ஒழுங்கானவள். மாஸ்க் இல்லாமல் மூடியைத் திறந்ததில்லை. மூடி திறந்திருக்கும்போது வாயைத் திறந்ததில்லை. பேச்செல்லாம் மூடி போட்ட பிறகுதான்.

நாலு டிகிரி குளிர் அறையில் உட்கார இருந்தது ஒரே ஒரு ஸ்டூல். திருகினால் ஏறும், இறங்கும். அவள் கட்டை குட்டை. காலையில் வந்து பார்த்தால் ஸ்டூல் உச்சியில் நிற்கும். கூட்டித் துடைக்கிற அக்கா வேலையாகத்தான் இருக்கும் என்று முணுமுணுத்தபடி இறக்கிவிட்டு உட்காருவாள். மறுநாள் மறுபடி உச்சியில் நிற்கும்.

இந்த மாதக் கடைசியில் ஆய்வுக்குழு வருவதாக இருந்தது. வளர்ச்சி ஏதும் காட்டாவிட்டால் குளிர் அறை பக்கத்துத் துறைக்குப் போய்விடும். பக்கத்துத் துறை மீன் துறை. செத்த மீன் வைக்க இடமில்லை என்று அவர்கள் வெகுநாளாக அழுதுகொண்டிருந்தார்கள். எஃகு உருளையைத் திறந்து கொட்டிவிட்டு, அவளை நூலகத்தில் பழைய அறிக்கைகளை அடுக்கச் சொல்வார்கள். அங்கே பேச பாட்டில்கூட இருக்காது.

இந்த நேரத்தில்தான் பாட்டில் கலங்கியது.

முறைப்படி அதன் மரபணுவைப் படித்து உறுதி செய்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். அவளால் முடியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, வளந்துடுச்சும்மா!"

"யாரு, அக்கா பொண்ணா? போன வாரம் பாத்தேனே, அப்படியேதான் இருக்கா."

"இல்லம்மா. என் பாட்டில்ல."

"ஓ, அதுவா." என்றாள் அம்மா. "உனக்குக் கல்யாணம் ஆகறதுக்குள்ள அதுங்களுக்குக் குழந்தை பொறந்துடும்னு நான் அப்பவே சொன்னேன். சரி, நல்லா இருக்கட்டும். அடுப்புல பால் இருக்கு, அப்புறம் பேசறேன்."

அந்த அப்புறம் வராது என்று அவளுக்குத் தெரியும். புது பாட்டில் வாங்க ஸ்டோருக்குப் போனாள்.

"என்ன மேடம், திடீர்னு ஒரு பெட்டி பாட்டில்?" என்றார் ஸ்டோர் அண்ணன். "ஒரு பாட்டிலையே வருஷக்கணக்கா வச்சுக் காப்பாத்துவீங்களே."

சொல்ல வேண்டியதாயிற்று. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே. இன்னும் உறுதியாகலை."

"என் வாய்க்குப் பூட்டு மேடம்."

பூட்டு இருந்தது உண்மைதான். சாவி நிலையம் முழுக்க எல்லாரிடமும் இருந்தது. மத்தியானத்துக்குள் டைரக்டரே குளிர் அறை வாசலில் வந்து நின்றார். நெட்டையான மனிதர். கதவின் மேல்சட்டத்தில் இடித்துக்கொள்ளாமல் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"உள்ள வாங்க சார்."

"நானா? இந்த ஐஸ் பெட்டிக்குள்ளயா? இத்தனை வருஷத்துல ஒரு நாள் கால் வச்சதில்ல. எனக்கு மூட்டு வலி. நீங்க வெளிய கொண்டு வாங்க."

கொண்டுபோய்க் காட்டினாள். அவர் பாட்டிலை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"உயிர்தான்," என்றார்.

"சார், இன்னும் உறுதி பண்ணலை..."

"உறுதியை நாளைக்குப் பண்ணலாம். சந்தோஷத்தை எதுக்குத் தள்ளிப் போடணும்?" அங்கேயே நின்று குழுத் தலைவிக்குப் போன் போட்டுவிட்டார்.

அவர் போன பிறகு, பின்னாலேயே வேடிக்கை பார்க்க வந்திருந்த ஸ்டோர் அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "சார் சிரிச்சுப் பாத்து எவ்வளவு நாளாச்சு! சாரோட வீட்டம்மா மக பிரசவத்துக்குன்னு போனாங்க. பேத்தி பள்ளிக்கூடமே சேந்தாச்சு, இன்னும் திரும்பலை. சார் சாயங்காலம் கிளம்பற மாதிரி கிளம்புவார், மறுபடி வந்து உக்காந்துக்குவார்."

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. அவள் கவலை பாட்டிலில் இருந்தது.

கீழ்த்தளத்தில் மரபணு படிக்கிற பெண்ணிடம் ஒரு சொட்டைக் கொடுத்தாள். நிலையத்திலேயே அவளை அக்கா என்று கூப்பிடுகிறவள் இவள் ஒருத்திதான். சில நாள் கழித்து அந்தப் பெண் கூப்பிட்டாள்.

"அக்கா, உக்காருங்க."

"பரவாயில்ல, சொல்லு."

"உக்காந்தா நல்லது. இது கடல் இல்லக்கா, வாய்."

"வாயா?"

"மனுஷ வாய். எச்சில்ல இருக்கற பாக்டீரியா. பல் டாக்டர்களுக்கெல்லாம் நல்லாப் பழக்கமான ஆளு."

"நாலு டிகிரில எச்சில் பாக்டீரியா எப்படி வளரும்?"

"போன வாரம் லீவு நாள்ல கம்ப்ரஸர் நின்னு போச்சுல்ல? அறை சூடாயிருக்கும். இதுதான் சமயம்னு வளந்துட்டாங்க."

நேராக டைரக்டரிடம் போனாள். உண்மையைச் சொல்லத்தான் போனாள். அவர் முகத்தில் அன்றைய சந்தோஷம் மிச்சமிருந்தது. அதைக் கலைக்க மனம் வரவில்லை.

"சார், அதுல... எதிர்பாராத ஒரு உயிர் தெரியுது. குழுவைக் கொஞ்சம் தள்ளி வரச் சொல்ல முடியுமா?"

அவர் அதை அப்படியே போனில் சொன்னார். கேட்டுவிட்டு வைத்தார்.

"எதிர்பாராத உயிர்னா இன்னும் விசேஷமாச்சேங்கறாங்க. மாசக் கடைசி வரைக்கும் பொறுக்க முடியாதாம். நாளைக்கே வர்றாங்க."

மறுநாள் கூட்ட அறை நிரம்பி வழிந்தது. மீன் துறையினர் முன்வரிசையில் இருந்தார்கள். ஒருவர் அளவு நாடா வேறு கொண்டுவந்திருந்தார்.

அவள் எழுந்து நின்று, தரையைப் பார்த்தபடி, எல்லாவற்றையும் சொன்னாள்.

"மனுஷ வாய்," என்றார் தலைவி. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "யாரோட வாய்?"

அறையில் இருந்த அத்தனை தலையும் அவள் பக்கம் திரும்பியது. உதவி செய்கிற எண்ணத்தோடு ஸ்டோர் அண்ணன் எழுந்தார்.

"மேடம் அதுங்ககிட்ட பாசமாப் பேசுவாங்கம்மா. வெளியவே கேக்கும். அன்னைக்கு மேல் வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லிட்டு இருந்தாங்க."

மீன் துறை விழுந்து விழுந்து சிரித்தது. டைரக்டர் மட்டும் சிரிக்கவில்லை. மேசையில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாக்டீரியாகிட்டப் போய்ப் பேசறதுங்கறது..." என்று ஆரம்பித்தார். "அது... முறையில்ல."

"பேசினேன்," என்றாள் அவள். "ஆனா மாஸ்க் இல்லாம மூடியத் திறந்ததில்ல."

"அதை நீங்கதானே சொல்றீங்க?" என்றார் தலைவி. "இங்க பாருங்க, வேற யாரோட கவனக்குறைவாவது இருந்தா அதுக்கு நீங்க பொறுப்பில்ல. அறையும் உங்களுக்கு, இன்னொரு வாய்ப்பும் உங்களுக்கு. உங்க வாய்தான்னா, மன்னிச்சுக்குங்க."

அளவு நாடா கறகறவென்று இழுபடும் சத்தம் கேட்டது.

"எச்சிலை ஒப்பிட்டுப் பாக்கலாம்," என்றாள். "ஒவ்வொருத்தர் வாய்லயும் இருக்கற பாக்டீரியா கொஞ்சம் கொஞ்சம் வேற வேற. அறைக்குள்ள போறவங்க எல்லாரோடதும் எடுக்கலாம்."

நல்ல யோசனையாகத் தோன்றியது. சொன்ன பிறகுதான் அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. ஒரு நாள் மாஸ்க்கை மறந்திருந்தால்? அக்கா பெண்ணின் பிறந்தநாளுக்கு எல்லாரும் கூடியிருக்க, அவளுக்குச் சொல்ல மறந்துபோனார்களே, அன்று வெகுநேரம் பேசினாளே. அன்று மூடி போட்டிருந்தாளா?

ஆனாலும் பழக்கம் விடவில்லை. "உள்ள போகாத ஒருத்தரோடதும் ஒண்ணு வேணும்," என்று சேர்த்துக்கொண்டாள். "சோதனை சரியா வேலை செய்யுதான்னு பாக்க. அது எதோடவும் பொருந்தக் கூடாது."

"அதுக்கென்ன," என்றார் தலைவி. "உங்க டைரக்டர் அந்தப் பக்கம் காலே வச்சதில்லைன்னு என்கிட்டயே பெருமையாச் சொல்லியிருக்கார். அவரே குடுக்கட்டும்."

டைரக்டர் நிமிர்ந்தார். "நானா? நான் காலையிலயே பல் தேச்சுட்டேனே."

"பரவாயில்ல சார்," என்றாள். "கொஞ்சம் இருந்தாப் போதும்."

மரபணுப் பெண் குச்சிகளை எடுத்து வந்தாள். கூட்டித் துடைக்கிற அக்கா வாயைத் திறக்கவே மாட்டேன் என்றார்.

"என்னை எதுக்கும்மா இழுக்கறீங்க? தரையைத் துடைச்சுட்டு நடுங்கிக்கிட்டே ஓடியாந்துடுவேன். அந்த ஸ்டூல்ல ஏறி உக்காரணும்னா எனக்கு ஏணி வேணும்."

ஸ்டோர் அண்ணன் தேவைக்கு அதிகமாகவே வாயைத் திறந்தார். கடைசியில் டைரக்டர். குதிகாலை உயர்த்தி எம்பித்தான் அவளால் அவர் வாயை எட்ட முடிந்தது. அவ்வளவு கிட்டத்தில் அவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கண் லேசாகக் கலங்கியிருந்தது. பஞ்சு உறுத்தியிருக்கும் என்று நினைத்தாள்.

முடிவு வருகிறவரை அவள் பாட்டிலோடு பேசவில்லை. அந்த நாட்கள் நீளமாக இருந்தன. மேல் வீட்டுக்காரன் துளை போடுவதை நிறுத்திவிட்டான். அதைச் சொல்லக்கூட ஆள் இல்லை.

முடிவு வரும் அன்று காலையில் குளிர் அறைக்குப் போனாள். ஸ்டூல் அவள் விட்ட இடத்திலேயே தாழ்வாக இருந்தது. சில நாளாகவே அப்படித்தான் இருந்தது. அது ஏன் என்று யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. உட்கார்ந்து எஃகு உருளையில் கையை வைத்தாள். உள்ளே அந்தக் கடலடிச் சேறு, யார் எச்சிலும் படாமல், இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.

"நான் வாயை மூடிட்டு இருந்திருக்கணும்," என்றாள், மாஸ்க்குக்குள். "ஆனா போதும் நிறுத்துன்னு நீங்களும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

பேனா, கையுறைப் பெட்டி, குளிர்கோட்டு என்று தன் சாமான்களை ஒரு பையில் எடுத்துப் போட்டாள். இத்தனை வருஷமும் ஒரு பைக்குள் அடங்கிவிட்டது. அதுவும் பை நிறையவில்லை.

கதவு திறந்தது. மரபணுப் பெண் கையைக் கட்டிக்கொண்டு, பல் கிட்டிக்க நின்றாள்.

"அக்கா, பையக் கீழ வைங்க. உங்களோடது இல்ல."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "சரியாப் பாத்தியா?"

"ரெண்டு தடவை பாத்தேன்."

"ஸ்டோர் அண்ணனா? அவர்தான் பாட்டில் இருக்கற இடத்துலயெல்லாம் வந்து பேசுவார்."

"இல்ல."

"அந்த அக்காவா? பாவம், அவங்களை ஒண்ணும் சொல்லிடக் கூடாது."

"அவங்களும் இல்லக்கா."

"அப்ப யாரும் இல்லையா? அப்ப எங்கேருந்துதான் வந்துச்சு?"

அந்தப் பெண் ஸ்டூலைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், பிறகு வாசலில் யாரும் இல்லையே என்று எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"உள்ளயே போகாத ஒருத்தரோடதுன்னு குடுத்தீங்களேக்கா, அதுதான் அச்சு அசலாப் பொருந்துது. மூடியத் திறந்து வச்சுக்கிட்டு தினமும் மனசு விட்டுப் பேசியிருந்தாத்தான் இவ்வளவு சேரும்."