ஜெனரேட்டர் பக்கத்து நாற்காலி

திருவண்ணாமலை
12.10.2004

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

உங்கள் கம்பெனி லாட்ஜில் கறுப்பாக இருப்பவனுக்கு ரூம் கிடையாது. நான் நலம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போன பௌர்ணமிக்கு வந்த கறுப்பு அமெரிக்கரிடம் மேனேஜர் ஆதிமூலம் "ஃபுல்" என்று சொல்லிவிட்டு, அவர் படி இறங்குவதற்குள் ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்குச் சாவி கொடுத்ததும், அவர் சுற்றுலா ஏஜென்சிக்குப் புகார் எழுதியதும், ஊழியர்களுக்குப் பயிற்சி தராவிட்டால் இனி ஆள் அனுப்ப மாட்டோம் என்று ஏஜென்சி சொன்னதும், சென்னை ஆபீசிலிருந்து நீங்களே பயிற்சி மேடத்தை அனுப்பியதும் தெரிந்த கதை. அதற்குப் பிறகு நடந்ததை ஆதிமூலம் வேறு மாதிரி சொல்லியிருப்பாரோ என்ற பயத்தில்தான் எழுதுகிறேன்.

மேடம் எங்களை நடித்துக் காட்டச் சொன்னார்கள். கறுப்பு விருந்தாளியாக யார் என்றதும் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். "இவனுக்கு மேக்கப் செலவே இல்ல மேடம்" என்றார் ஆதிமூலம். பெட்டியோடு உள்ளே நுழைந்தேன். கவுன்ட்டரில் நின்ற ஆதிமூலத்துக்கு "வாங்க சார்" என்பதுதான் வசனம். நிமிர்ந்து பார்த்தவர், "ஃபுல்லுப்பா, பஸ் ஸ்டாண்டாண்ட போய்ப் பாரு" என்றார். பழக்கம், மாமா. மேடமோ, பயிற்சிக்கு முந்தைய நிலைமையைத் தத்ரூபமாக நடிக்கிறார் என்று கை தட்டினார்கள்.

அடுத்து, மனம் விட்டுப் பேசச் சொன்னார்கள். "நம்மகிட்ட அந்த வித்தியாசமெல்லாம் கெடையாதுங்க" என்றார்கள் எல்லாரும். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆதிமூலத்தைப் பார்த்து, ரிசப்ஷன் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே பவுடர் போட்டுகினு வாடான்னீங்களே, போட்டும் ஏன் என்னைப் பின்னால ஜெனரேட்டர் பக்கத்துல ஒக்கார வெச்சிருக்கீங்க, முன்னாடி உங்க பக்கத்து நாற்காலி காலியாத்தானே கெடக்குதுனு கேட்டுட்டேன். "அவனுக்கு ஏசி காத்து ஒத்துக்காதுங்க மேடம்"னார். பெருக்கிட்டிருந்த கன்னியம்மாள் அக்கா, "எனக்கும் அதே வியாதிதான் சார்"னு சிரிச்சாங்க.

மேடம் கார் ஏறியதும் ஆதிமூலம் என்னைக் கூப்பிட்டார். "டிரெய்னிங் முடிஞ்சுது, நீயும் கெளம்பு. பேசச் சொன்னா பேசிடறதா?" என்றார். அம்மா கீழ்பென்னாத்தூர் முழுக்க என் வேலையைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறாள். நீங்கள் வாங்கிக் கொடுத்த வேலை, நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள். அத்தை காலிலும் உங்கள் காலிலும் விழுந்ததாக எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
இனியன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஆதிமூலம் சிரித்துக்கொண்டே வந்தார். வேலை போகவில்லை மாமா! ஏஜென்சிக்காரர்கள் போட்டோ எடுக்க வருகிறார்களாம், நாளைக்கு முன் நாற்காலியில் நான்தானாம். "பவுடர் மட்டும் போட்டுறாத, கறுப்பு நல்லா தெரியணும்" என்றார். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுங்கள்: போட்டோ எடுத்த மறுநாள் நான் எங்கே உட்காருவது?