வற்றாப்பளையில் நான் அள்ளிய தண்ணீர்

சோம்பலுக்குப் பக்தி வேடம் போடுவதில் நான் கெட்டிக்காரன். இந்தத் திறமை பல தடவை என்னைக் காப்பாற்றியிருக்கிறது. வற்றாப்பளை அம்மன் கோயிலில் மட்டும் காலை வாரிவிட்டது.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். மகளுக்கு நல்ல மாப்பிள்ளை கிடைத்தால் வற்றாப்பளையில் பொங்குவதாக மாமி நேர்த்தி வைத்திருந்தா. (அந்த நல்ல மாப்பிள்ளை அடியேன்தான். சிரிக்க வேண்டாம்.) ஒரு திங்கட்கிழமை வட்டக்கச்சியிலிருந்து ஒரு வாடகை வான் பிடித்துப் போய் இறங்கினோம். மாமி கல் வைத்து அடுப்பு மூட்டினா. என் மனைவி சுகந்தி தேங்காய் திருவினாள். என் கையில் ஒரு வாளி தரப்பட்டது.

"தம்பி, பொங்கலுக்குத் தண்ணி எடுத்துக்கொண்டு வாங்கோ," என்றா மாமி.

குழாயடியில் அரைமைல் வரிசை. வெயிலோ மண்டையைப் பிளந்தது. மறுபக்கம் திரும்பினால் கண்ணுக்கெட்டிய தூரம் கடல்நீரேரி, அங்கே வரிசையே இல்லை. இந்தக் கோயிலில் திருவிழாவின்போது அம்மனின் விளக்கே கடல் தண்ணீரில்தான் எரிகிறது என்பது ஊரறிந்த விஷயம். விளக்குக்கு ஆகும் தண்ணீர் பொங்கலுக்கு ஆகாதா? (உப்பைச் சர்க்கரை சரிக்கட்டிவிடும் என்று நினைத்தேன். அதுவரை நான் தேத்தண்ணிகூடப் போட்டதில்லை.) ஐந்தே நிமிடத்தில் நிறைந்த வாளியோடு திரும்பினேன்.

"பார், எவ்வளவு சுறுசுறுப்பு," என்று மாமி மகளிடம் சொன்னா. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பொங்கல் அழகாகப் பொங்கி வழிந்தது. படைக்கமுன் யாரும் ருசி பார்க்கக் கூடாது என்பதில் மாமி கண்டிப்பு. படைத்துக் கும்பிட்டதும், பக்கத்து அடுப்புக்காரருக்கெல்லாம் வாழையிலையில் வைத்துத் தன் கையாலேயே கொடுத்தா. அவர்கள் ஒவ்வொருவராக வாயில் வைத்தார்கள், ஒவ்வொருவராகச் சிலையானார்கள். அம்மாளின் பிரசாதத்தை எப்படித் துப்புவது? ஒரு ஐயா கண்ணை மூடி விழுங்கிவிட்டு, "நல்ல பக்தியான பொங்கல்," என்றார்.

கடைசியாக மாமி ஒரு வாய் வைத்தா. முகம் வெளிறிவிட்டது.

"சர்க்கரைப் பொங்கல் கரிக்குதடி பிள்ளை. அம்மாள் என்ரை நேர்த்தியை ஏற்கேல்லை. என்ன குறை விட்டனோ தெரியேல்லை." சொல்லிக்கொண்டே அழத் தொடங்கிவிட்டா.

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன், பழி அம்மாள் மேலே போயிருக்கும். ஆனால் நான் கிடைத்ததற்கு நன்றி சொல்ல வந்தவ அழுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"மாமி, குழாயடியில சரியான சனம். நான் ஏரியில அள்ளினனான்."

சுகந்தி தலையில் கை வைத்தாள். மாமி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்தா. பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தா.

"அப்ப அம்மாளுக்குக் கோவமில்லை. மருமோனுக்குத்தான் மூளையில்லை."

அந்தப் பொங்கல் செல்லாது என்பது மாமியின் தீர்ப்பு. நேர்த்தி நல்ல மாப்பிள்ளைக்காம், அவர் இன்னும் வந்து சேரவில்லையாம். ஆனாலும் வருஷாவருஷம் போய்ப் பொங்குகிறோம். வாளி எனக்குத்தான். படைக்கமுன் எதையும் வாயில் வைக்காத மாமி, தண்ணீரை மட்டும் ஒரு சிறங்கை அள்ளிக் குடித்துப் பார்த்துத்தான் பானையில் ஊற்றுகிறா. அது போதாதென்று, போன வருஷம் என் ஏழு வயது மகளும் ஒரு மிடறு குடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஓம் அம்மம்மா, ஊத்துங்கோ. அப்பா வரிசையிலதான் நிண்டவர்."